என்னையும் டூரிங்ஹுக்கிற்கு ஊர் கடத்த உத்தரவிட வேண்டி

அனுப்புநர்
புசெங் மோவாராபி,
தெபே மோவாராபியின் மனைவி,
லெரோலெங் கிராமம்,
க்ளிப்ஃபிளாக்டே மாவட்டம், டிரான்ஸ்வால்.

பெறுநர்
தலைமைக் கமிஷனர் அவர்கள்,
பூர்வகுடிகள் விவகாரம்,
மேற்குப் பகுதி.

பொருள்: ஊர் கடத்தப்பட்டு, டூரிங்ஹுக் அரசுப் பண்ணையில் உயிருக்குப் போராடிக்கொண்டிருக்கும் என் கணவரை வீட்டுக்கு அனுப்பக் கோரியும், அது இயலாதெனில் அதே சட்டத்தின்கீழ் என்னையும் அங்கே ஊர் கடத்தி உத்தரவிடக் கோரியும்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மேற்கண்ட முகவரியில் வசிக்கும் நான் இந்த மனுவை என் கையாலேயே எழுதுகிறேன். மிஷன் பள்ளியில் நான்காம் வகுப்பு வரை படித்தவள். பிழை இருந்தால் பொறுத்தருள வேண்டும். இதற்கு முன் மாவட்ட அலுவலகம் வழியாக அனுப்பிய மனுக்களுக்கு, பரிசீலனையில் இருப்பதாக ஒரே ஒருமுறை பதில் வந்தது. பிறகு அதுவும் நின்றுபோனது. ஆகவே முறையை மீறித் தங்களுக்கே நேராக எழுதத் துணிந்தேன். என்னால் இன்னும் காத்திருக்க முடியும். என் கணவரால் முடியாது.

2. என் கணவர் எங்கள் ஊரின் தலைவராக இருந்தவர். மேய்ச்சல் தகராறு, வேலித் தகராறு, பெண் வீட்டாருக்குத் தரவேண்டிய மாட்டைத் தராமல் இழுத்தடிக்கும் தகராறு எல்லாம் அவர் முன்னால்தான் வரும். இரு தரப்பையும் பேசவிட்டுக் கடைசியில் ஏதாவது ஒரு வேடிக்கை சொல்வார். சிரித்தபடியே கலைந்துபோவார்கள். கோபம் வந்தால் குரல் உயராது, தாழ்ந்துபோகும். தங்கள் இலாகாவின் கோப்பில் அவர் "கலகக்காரர்" என்று எழுதப்பட்டிருப்பதாக அறிகிறேன். அவரை ஒருமுறை பார்த்திருந்தாலும் எவரும் அப்படி எழுதியிருக்க மாட்டார்கள் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

3. நான்கு ஆண்டுகளுக்கு முன், போலீஸார் கேட்கும்போதெல்லாம் காட்ட வேண்டிய பாஸ் புத்தகத்தை ஆண்களைப் போலப் பெண்களும் எந்நேரமும் சுமக்க வேண்டும் என்ற உத்தரவோடு இலாகாவின் வண்டி எங்கள் ஊருக்கு வந்தது. பெண்களைத் திரட்டி அழைத்து வரும்படி என் கணவருக்குக் கட்டளை. அவர் ஊர்க்கூட்டத்தைக் கூட்டினார். உத்தரவை ஒரு சொல் குறையாமல் படித்தார். பிறகு சொன்னது இவ்வளவே:

"உத்தரவு இதுதான். சொல்லச் சொன்னாங்க, சொல்லிட்டேன். புத்தகத்தை வாங்கறது உங்க கை. அந்தக் கையைப் பிடிச்சு இழுக்கற வேலை எனக்குத் தெரியாது."

அவர் செய்த குற்றம் முழுவதும் இதுதான், ஐயா. இதற்கு மேல் ஒன்றுமில்லை.

4. நாங்கள் ஏன் மறுத்தோம் என்று இதுவரை எந்த அதிகாரியும் கேட்கவில்லை. தாங்களும் கேட்கவில்லை. ஆயினும் சொல்கிறேன். எனக்கு டிரோ என்று ஒரு தம்பி இருந்தான். ஜொகானஸ்பர்கில் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ரொட்டி வாங்கத் தெருமுனைக் கடைக்குப் போனான். பாஸ் புத்தகம் அறையில் மாட்டியிருந்த கோட்டுப் பையில். போலீஸ்காரர் நிறுத்தினார். "அதோ தெரியுதே அந்தப் பச்சைக் கதவு, அதான் என் ரூமு, ஓடிப்போய் எடுத்துட்டு வந்துடறேன்" என்றிருக்கிறான். லாரியில் ஏற்றினார்கள். சிறைக்குப் பதிலாக உருளைக்கிழங்குப் பண்ணைக்குப் போக ஒப்புக்கொண்டதாகக் கைநாட்டு வாங்கினார்கள். அவன் மனைவி ஒவ்வொரு காவல் நிலையமாக ஏறி இறங்கினாள். திரும்பி வந்தபோது அவனுக்கு மண் தோண்டித் தோண்டி நகமில்லாத விரல்கள். யாராவது பின்னால் நடந்துவந்தால் தலையைக் கைகளால் மூடிக்கொள்வான். அந்தக் குளிர்காலத்தைத் தாண்டவில்லை.

ஆகவே மேசை போட்டு உட்கார்ந்திருந்த அதிகாரி, ஊர்த்தலைவரின் மனைவி என்பதால் என்னை முதலில் அழைத்தபோது, நான் ஒரு கேள்வி கேட்டேன். அடுப்பில் கூழ் கொதிக்கிறது, குழந்தை தூங்குகிறது, விறகு பொறுக்க வெளியே வந்தவளிடம் புத்தகம் இல்லை, அவளை லாரியில் ஏற்றிவிட்டீர்கள். அந்தக் குழந்தையை யார் எடுப்பார்கள்? அதிகாரி எழுதிக்கொண்டிருந்த தாளிலிருந்து தலை தூக்காமல் "அடுத்த ஆள்" என்றார். நான் புத்தகத்தைத் தொடாமல் திரும்பி நடந்தேன்.

அடுத்த ஆள் என் பக்கத்து வீட்டு டிபுவோ. "எனக்குப் போட்டோ வேணாம்யா. இந்த மூஞ்சி எனக்கே பிடிக்காது, நீ வேற அதைப் புத்தகத்துல ஒட்டி நான் சுமக்கணுமா?" என்று அவள் சொல்ல, வரிசையே சிரித்தது. அந்தச் சிரிப்பை அவர்கள் மன்னிக்கவில்லை.

5. மாவட்ட அலுவலகத்தில் என் கணவர் விசாரிக்கப்பட்டபோது நான் வெளியே, எங்களுக்கென்று ஒதுக்கியிருக்கும் மர நிழலில் நின்றிருந்தேன். ஜன்னல் திறந்திருந்தது.

"உன் பொண்டாட்டியையே அடக்க முடியாதவன் ஊரை எப்படிடா அடக்குவே?" என்று அப்போதைய மாவட்டக் கமிஷனர் கேட்டார்.

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து முயற்சி பண்றேன் ஐயா. உங்களுக்கு ஏதாவது வழி தெரிஞ்சா சொல்லிக் குடுங்க."

மொழிபெயர்ப்பாளர் அதை அப்படியே சொல்லத் தயங்கி வேறேதோ சொன்னார். பிறகு, சில பெண்கள் வாங்கியிருந்த புத்தகங்களும் கொளுத்தப்பட்டிருந்ததால், கொளுத்தியவர்கள் யார், தூண்டியவர்கள் யார் என்று பெயர் கேட்டார்கள். என் கணவரின் குரல் தாழ்ந்துபோனது. காதைத் தீட்டிக்கொண்டுதான் கேட்டேன். "காட்டிக் குடுக்கறதுக்கா என்னை இந்த ஊருக்குத் தலைவனா வெச்சாங்க?" என்றார். அதன்பின் எவ்வளவு கேட்டும் பேசவில்லை.

6. அடுத்த வாரம் போலீஸ் லாரி வந்தது. அவர் காலைக் கூழ் குடித்துக்கொண்டிருந்தார். சார்ஜெண்ட் ஒரு காகிதத்தைப் படித்தார். வழக்கு இல்லை, சாட்சி இல்லை, தீர்ப்பு இல்லை. அமைதிக்கும் நல்லாட்சிக்கும் ஊறு நேராமல் இருப்பதற்காக, தெபே மோவாராபி என்னும் பூர்வகுடி இன்ன இடத்திலிருந்து இன்ன இடத்துக்கு மாற்றப்படுகிறார் என்று மட்டும் இருந்தது. எவ்வளவு காலத்துக்கு என்று நான் கேட்டேன். சார்ஜெண்ட் காகிதத்தைத் திருப்பிப் பார்த்தார். "போடலையே" என்றார். அவருக்கே அது வியப்பாக இருந்ததை நான் கவனித்தேன்.

கோட்டும் ஒரு போர்வையும் எடுத்துக்கொள்ள விட்டார்கள். லாரியில் ஏறிய பிறகு என் கணவர் என்னைப் பார்த்து, "மழைக்கு முன்னால கூரையை மாத்திடு. டிபுவோ புருஷன்கிட்ட சொல்லு, செய்வான்" என்றார். விடைபெறும்போது சொன்னது அவ்வளவுதான். நான் கூரையை மாற்றினேன். மழை வந்தது. அதற்குப் பின்னும் மழைகள் வந்துவிட்டன.

அவர் போன பிறகு ஊரில் நடந்த சோதனைகளையும் அடிகளையும் பற்றி எழுதினால் இந்த மனு நீளும். பலர் இரவோடிரவாக எல்லை தாண்டிப் பெச்சுவானாலாந்துக்குப் போய்விட்டார்கள். எங்கள் ஒரே மகளும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். நான் போகவில்லை. அவர் திரும்பி வரும்போது வீட்டில் ஆள் இருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

7. என் கணவரைப் பார்க்கப் பயண அனுமதி கேட்டேன். அனுமதி முத்திரையைப் பாஸ் புத்தகத்தில்தான் குத்த முடியும் என்றார்கள். புத்தகம் இல்லாத பெண்ணுக்கு அனுமதி இல்லை. எதை வாங்க மறுத்ததால் அவரைக் கொண்டுபோனார்களோ அதை வாங்கினால்தான் அவரைப் பார்க்க முடியும். இரண்டு ஆண்டுகள் வீம்பாக இருந்தேன். பின்பு அவருக்கு மலேரியா என்று செய்தி வந்தது. எங்கள் வறண்ட மண்ணில் பிறந்தவர்களுக்கு அந்தக் காய்ச்சல் பழக்கமில்லை.

நான் போய்ப் புத்தகத்தை வாங்கினேன். படம் எடுத்தார்கள். பெருவிரலில் மை தடவினார்கள். எழுத்தர் அதை நீட்டும்போது, "இதுக்குத்தானா அவ்வளவு ஆட்டம் போட்டே? இப்ப என்ன, வலிச்சுதா?" என்று கேட்டார். "வலிச்சுது ஐயா" என்றேன்.

ஊரில் மறைக்கவில்லை. தண்ணீர் எடுக்கும் இடத்தில் எல்லாப் பெண்களும் இருந்தபோது சொன்னேன். வாளி நிரம்பி வழிந்தும் அதை யாரும் எடுக்கவில்லை. டிபுவோதான் கடைசியில் வாயைத் திறந்தாள். "போய்ட்டு வா. நாங்க வாங்க மாட்டோம். ஆனா உன்னைப் பத்தி எவளாவது ஒரு வார்த்தை பேசினா அவ வாயைக் கிழிச்சிடுவேன்." அன்று மாலை சோள மாவும் காய்ந்த மாட்டிறைச்சியும் மூட்டையாகக் கட்டிக் கொண்டுவந்து கொடுத்தாள். என் முகத்தைப் பார்க்காமல் கொடுத்தாள்.

8. டூரிங்ஹுக் பண்ணையைத் தாங்கள் பார்த்திருப்பீர்களோ, அறியேன். முள்மரங்களுக்கு நடுவே ஒரு தகரக் கொட்டகை. பகலில் உள்ளே கை வைத்தால் சுடும். அந்தப் பக்கத்து மக்கள் ட்சோங்கா மொழி பேசுகிறவர்கள். எங்கள் பேச்சு அவர்களுக்குப் புரியாது, அவர்கள் பேச்சு எங்களுக்குப் புரியாது. போதாக்குறைக்கு, இவன் ஆளைக் கொன்றவன், கிட்டே போகாதீர்கள் என்று பண்ணை மேற்பார்வையாளர் சொல்லிவைத்திருந்தார். மிசவேனி என்னும் ஒரு கைம்பெண் மட்டும் நாள்தோறும் கொஞ்சம் களியை ஒரு கல்லின் மேல் வைத்துவிட்டுப் போவாளாம். இவர் தம் மொழியில் நன்றி சொல்வார். அவள் தன் மொழியில் ஏதோ சொல்லிவிட்டு நடப்பாள். அவருக்கு இருந்த உறவு அவ்வளவுதான்.

என்னைக் கண்டதும் அவர் வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. ஊரையே சிரிக்கவைத்த மனிதருக்குப் பேச்சு விட்டுப்போயிருந்தது. இருமி இருமித் தொண்டையைச் சரிசெய்துகொண்டு கேட்டார்.

"எப்படி விட்டாங்க உன்னை?"

புத்தகத்தை எடுத்து வைத்தேன். அதைப் பார்த்தார். எழுந்து வெளியே போய், எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். பொழுது சாயும்வரை திரும்பவில்லை. அதுவரை அவர் என்மீது கோபித்ததே கிடையாது.

"அப்ப நான் எதுக்குடி இங்க கிடக்கேன்?" என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டார்.

"நீங்க கிடக்கறதைப் பாக்கத்தான் வந்தேன்" என்றேன்.

வெகுநேரம் கழித்து உள்ளே வந்தார். புத்தகத்தை எடுத்து விளக்கருகே பிடித்து என் படத்தைப் பார்த்தார். "இதுல நீ ஆடு திருடி மாட்டிக்கிட்டவ மாதிரி இருக்கே" என்றார். நான் சிரித்தேன். அவரும் சிரித்தார், சிரிப்பே இருமலானது. அதன்பிறகு அவர் பேச்சை நிறுத்த முடியவில்லை. எந்த மாடு கன்று போட்டது, யார் செத்தது, யார் வீட்டில் கல்யாணம், கூரையில் எந்தப் பக்கம் ஒழுகுகிறது என்று ஒவ்வொன்றையும் இரண்டு முறை கேட்டார். பதிலுக்காகக் கேட்கவில்லை, ஐயா. கேள்வி கேட்டால் பதில் வருகிறது என்பதே அவருக்குப் போதுமாக இருந்தது.

9. அனுமதிக் காலம் முடிந்தபோது அவருக்கு மறுபடியும் காய்ச்சல். நான் கிளம்பவில்லை. சட்டப்படி அது குற்றம், ஒப்புக்கொள்கிறேன். மேற்பார்வையாளர் புகார் கொடுத்தார். போலீஸார் என்னை அழைத்துச் சென்றபோது என் கணவர் படுக்கையிலிருந்து எழுந்து வாசல்வரை வந்து அங்கேயே விழுந்தார். தூக்கிவிட்டுப் போகிறேன் என்று கெஞ்சினேன். விடவில்லை. சிறையில் இருந்துவிட்டு ஊருக்கு அனுப்பப்பட்டேன். அந்த மாவட்டத்துக்குள் இனி நுழையக் கூடாது என்று என் புத்தகத்தில் முத்திரை குத்திவிட்டார்கள். ஆகவே மானத்தை விட்டு வாங்கிய அந்தப் புத்தகத்தாலும் இப்போது எனக்குப் பயனில்லை.

தாம் செய்தது தவறு என்று ஒரு தாளில் கையெழுத்திட்டு, பெண்கள் புத்தகம் வாங்க வேண்டும் என்று ஊரில் வந்து சொன்னால் விட்டுவிடுவதாக அவரிடம் இருமுறை கேட்டிருக்கிறார்கள். மறுத்துவிட்டார். அவரைச் சம்மதிக்கவைக்கும்படி என்னிடமும் சொன்னார்கள். அதை நான் செய்யவில்லை. இனியும் செய்ய மாட்டேன். இதைத் தங்களிடம் மறைப்பது முறையல்ல என்பதால் தெரிவிக்கிறேன்.

10. இந்த மனுவை இவ்வளவு அவசரமாக எழுதக் காரணம் பின்வருமாறு. மிசவேனியின் அண்ணன் ஒருவர் சுரங்க வேலைக்கு மேற்கே வந்திருக்கிறார். அவர் தங்கும் விடுதியிலேயே எங்கள் ஊர்க்காரர் ஒருவரும் இருக்கிறார். சுரங்கத்தில் பேசும் கலவை மொழியில் அண்ணன் இவரிடம் சொல்ல, இவர் விடுப்பில் வந்து என்னிடம் சொன்னார். என் கணவர் இரத்தமாகத் துப்புகிறாராம். எழுந்திருக்க முடிவதில்லையாம். மேற்பார்வையாளருக்குத் தெரியாமல் மிசவேனிதான் பார்த்துக்கொள்கிறாள்.

"உங்க புருஷன் பகல் முழுக்க ஒரே வார்த்தையைச் சொல்லிட்டிருக்காராம் அக்கா. அது என்னன்னு அந்தம்மாவுக்குப் புரியலையாம். உங்களைக் கேட்டு வரச் சொன்னாங்க. 'புலா, புலா'ங்கறாராம்."

தண்ணீர் கொடுத்துப் பார்த்தாளாம். தலையை ஆட்டினாராம். போர்வையைப் போர்த்தினாளாம். தள்ளிவிட்டாராம். வேண்டுதலாக இருக்குமோ என்று மிஷனிலிருந்து ஒரு போதகரைக் கூட்டி வந்தாளாம். அவர் ஜெபித்துவிட்டுப் போனாராம். அதற்குப் பின்னும் அதே சொல்.

ஐயா, "புலா" என்றால் எங்கள் பேச்சில் "திற" என்று பொருள்.

கதவைத் திறக்கச் சொல்கிறார். காய்ச்சல்காரருக்குக் காற்றுப் படக் கூடாது என்று அந்த நல்ல பெண் கதவைச் சாத்தி, இடுக்கில் துணி அடைத்து வைத்திருக்கிறாள். பிப்ரவரி மாதக் கோடை வெயிலில் அந்தத் தகரக் கொட்டகைக்குள், மூச்சுக்கு அலைகிற நெஞ்சோடு, என் கணவர் ஒரே ஒரு சொல்லைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அன்போடு பார்த்துக்கொள்கிறவளுக்கும் அது விளங்கவில்லை.

பதில் சொல்லியனுப்ப என்னால் இயன்றதையெல்லாம் செய்தேன். செய்தி கொண்டுவந்தவர் சுரங்கத்துக்குத் திரும்பிவிட்டார். மிசவேனியின் அண்ணன் ஒப்பந்தம் முடிந்து ஊர் போகக் குளிர்காலம் ஆகும். பண்ணைக்குத் தந்தி கொடுத்தேன். பெற மறுத்துவிட்டார்கள் என்று திரும்பி வந்தது. தபால் நிலையத்துத் தொலைபேசி வெள்ளையர் பக்கத்தில் இருக்கிறது. எங்கள் பக்க ஜன்னலில் அஞ்சல்தலை மட்டுமே கிடைக்கும். மாவட்ட அலுவலகத்துக்குப் போய், பண்ணைக்கு ஒரே ஒரு வார்த்தை பேசச் சொல்லி எழுத்தரின் காலைப் பிடித்தேன். "கதவைத் திறக்கறதுக்கெல்லாம் அரசாங்கம் போன் போடுமா? போம்மா, போ" என்றார்.

11. ஆகவே தங்களை மிகப் பணிந்து வேண்டிக்கொள்வது:

முதலாவதாக, என் கணவரை வீட்டுக்கு அனுப்ப உத்தரவிட வேண்டும். எழுந்து நிற்க முடியாதவரால் எந்த நல்லாட்சிக்கும் ஊறு நேராது.

அது இயலாதெனில், அதே சட்டத்தின்கீழ் என்னையும் டூரிங்ஹுக் பண்ணைக்கு ஊர் கடத்தி உத்தரவிட வேண்டும். அதற்கு வழக்கோ சாட்சியோ தேவையில்லை, தங்கள் மேலிடத்தில் ஒரு கையெழுத்துப் போதும் என்பதை அனுபவத்தில் அறிவேன். தகுதி வேண்டுமென்றால் அது எனக்கு அவரைவிட அதிகம் இருக்கிறது. அவர் உத்தரவைப் படிக்க மட்டும் செய்தார். மறுத்தவள் நான். அதிகாரியைக் கேள்வி கேட்டவள் நான். அனுமதிக் காலத்தை மீறியவளும் நான். இவையும் போதாதென்றால், என் பாஸ் புத்தகத்தை இந்த மனுவுடன் இணைத்துத் தங்களுக்கே திருப்பி அனுப்புகிறேன். இனி ஒருபோதும் அதை வாங்க மாட்டேன். புத்தகமின்றி இருப்பது குற்றம் என்பதை அறிந்தே செய்கிறேன். ஊர் கடத்தப்படுகிறவர்களுக்குப் பயண அனுமதி வேண்டியதில்லை, அரசு லாரியே ஏற்றிச்செல்லும். தயவுசெய்து என்னை மறுபடியும் சிறையில் மட்டும் அடைத்துவிட வேண்டாம். அதற்குள் அவர் போய்விடுவார். காலம் குறிப்பிடாத உத்தரவாக இருந்தாலும் மகிழ்ச்சியுடன் ஏற்பேன். அவர் பேசினால் புரிந்துகொள்ள ஓர் ஆள் அங்கே இருக்க வேண்டும், ஐயா.

இவை இரண்டும் மேலிடத்துக்குப் போய் வரக் காலமாகும் என்பதை உணர்கிறேன். ஆகவே மூன்றாவது வேண்டுகோள் ஒன்றை வைக்கிறேன். இதற்கு யாருடைய கையெழுத்தும் வேண்டாம், எந்தச் சட்டமும் இதைத் தடுக்கவில்லை. தங்கள் மேசையில் தொலைபேசி இருக்கும். இந்த மனுவை இவ்வளவு தூரம் படித்திருந்தால், அடுத்த காகிதத்தை எடுப்பதற்கு முன் டூரிங்ஹுக் பண்ணையைக் கூப்பிட்டு, அந்தக் கொட்டகையின் கதவைத் திறந்து வைக்கச் சொல்லுங்கள்.

தங்கள் உத்தரவை எதிர்பார்த்து, இதே வீட்டில், மூட்டை கட்டி வைத்துக் காத்திருக்கும்,

புசெங் மோவாராபி
(கையொப்பம்)

இடம்: லெரோலெங்
நாள்: 13 பிப்ரவரி 1961

இணைப்பு: பாஸ் புத்தகம், ஒன்று.